உலகம்மாள் இல்லத்துக்கு வெள்ளை

எழுத்துப் பக்கம் வந்துவிட்டானா இல்லையா? சங்கரவடிவுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் தெரிந்துபோகும். ஆனால் பார்க்கப் போகக் கூடாது. பார்த்தால் அது அவள் செய்தது ஆகிவிடும். உள்ளேயே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தால் அது பெயிண்டர் செய்யதலி செய்தது. நாளைக்கு யாராவது கேட்டால், எனக்கென்ன தெரியும், எல்லாத்துக்கும் ஒரே வெள்ளைன்னு சொன்னேன், அவன் எழுத்தையும் சேத்து அடிச்சிட்டான் போலிருக்கு என்று கையை விரித்துவிடலாம். யாராவது என்ன யாராவது, கேட்கப் போவது ஒரே ஆள்தான். அந்த ஆள், அவளுடைய வீட்டுக்காரர் பூதலிங்கம், சொசைட்டிக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அதற்குள் வாசலுக்கு மேலே, சன்ஷேடுக்கும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில், சிமெண்டில் புடைத்து நிற்கிற ‘உலகம்மாள் இல்லம்’ என்கிற எழுத்து வெள்ளைக்குள் வெள்ளையாக அமுங்கிவிட வேண்டும். இடிக்க வேண்டாம், கொத்த வேண்டாம், அந்தப் பாவமெல்லாம் வேண்டாம். இருக்கும், ஆனால் தெரியாது. முப்பது வருஷம் யோசித்து அவள் கண்டுபிடித்த தந்திரம் இவ்வளவுதான். உலகம்மாள் பூதலிங்கத்தின் மூத்த சம்சாரம், செத்துப்போனவள். வடிவு இரண்டாவதாக வந்தவள். வெளியே ரோலர் மேலே போகும்போது ஒரு சத்தம், கீழே வரும்போது ஒரு சத்தம், காலையிலிருந்து ஈரத்துணியைத் தரையில் இழுப்பது மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது அது நின்றுபோயிருக்கிறது. ரோலரை வைத்துவிட்டுச் சின்ன பிரஷ்ஷை எடுத்திருப்பானோ? பிரஷ் எதற்கு, எழுத்து இடுக்குக்கா? இல்லை, பீடி குடிக்க இறங்கிவிட்டானா? கையிலிருந்த அவரைக்காயின் நார் முழுசாக வராமல் பாதியிலேயே அறுந்தது. சீ, இதுகூட ஒழுங்கா வரமாட்டேங்கு.

வேலையை ஆரம்பித்தது வேறு சாக்கில்தான். சாரல் காலம் முழுக்க முன்பக்கச் சுவர் தண்ணியைக் குடித்து, உள்ளே பீரோவுக்குப் பின்னால் ஈரம் கசிந்து, பட்டுச்சேலையில் பூசணம் பிடித்துவிட்டது. அதைக் காட்டித்தான் பேச்சை எடுத்தாள். கட்டின காலத்தில் தென்காசியிலேயே இப்படி ஒரு வீடு கிடையாதாம். பூசாத செங்கல் முகப்பு, கல்லுக்குக் கல் கோடு பிடித்த சிமெண்டு, வளைவு வைத்த ஜன்னல். உலகம்மாளுடைய ஆசை அது. மலையாளத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து பிடிவாதம் பிடித்தாளாம். சூளைக்கே நேரில் போய், கல்லைத் தட்டிப் பார்த்து, ணங்கென்று கேட்டால்தான் வண்டியில் ஏற்றவிடுவாளாம். குடிவந்து ஒரு வருஷம் இருந்தாளோ என்னவோ, மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். கல்லைத் தட்டிப் பார்த்தவளுக்குத் தன் உடம்பைத் தட்டிப் பார்க்கத் தெரியவில்லை. அவளுக்கென்ன, போய்விட்டாள்; அந்தக் கல்லுக்குப் பாசி சுரண்டினது யார்? மழையென்றால் பாசி, வெயிலென்றால் கல்லிலிருந்து பூக்கிற உப்பு. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே, “என்னக்கா, இன்னும் பூச்சு வேலை பாக்கி கிடக்கா?” என்று கேட்பார்கள். பாக்கியெல்லாம் இல்லை, இதுதான் முடிந்த வீடு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. போன மாசம் எதிர்வீட்டில் என்ன செய்தார்கள்? செங்கல் மாதிரியே டைல் வாங்கி வந்து முகப்பு முழுக்க ஒட்டினார்கள். நல்ல பூச்சுச் சுவருக்கு மேலே! ஒட்டி முடித்துவிட்டு அந்த அம்மா, “உங்க வீடு மாதிரியே அழகா இருக்குல்லா?” என்று வேறு கேட்டாள். இருக்கிற செங்கலை மறைக்க இவள் அலைகிறாள், இல்லாத செங்கலை ஒட்ட அவள் செலவழிக்கிறாள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ள?

பூசிவிட்டால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். பூச்சு ஏறினால் எழுத்தாவது ஒன்றாவது, எல்லாம் உள்ளே போய்விடும். ஆனால் கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு பூதலிங்கம் சிரித்தார். “ஏட்டி, கிழட்டு மூஞ்சிக்கு எதுக்கு இம்புட்டுப் பவுடரு? கையைக் கடிக்காம என்ன முடியுமோ அதப் பண்ணு” என்றார். கையைக் கடிக்காமல். அந்த வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. கையைக் கடிக்காமல் என்றால் பெயிண்டு, அதிலும் மலிவு பெயிண்டு, பிரைமர் ஒரு கோட்டோடு சரி, கிரில்லுக்குக் கறுப்பு, துருப்பிடித்த குண்டுபல்பு இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, உடைந்த சிமெண்டுத் தொட்டியைத் திருப்பி வைத்து உடைசல் தெரியாமல் ஒரு குரோட்டன்ஸ். ஃபோனில் மகன் அனுப்பின படத்திலெல்லாம் வெள்ளைச் செங்கல் வீடு எப்படி இருந்தது! பால்கோவா மாதிரி. இங்கே முதல் கோட்டு அடித்துவிட்டு மறுநாள் கதவைத் திறந்தால் வீடு ரோஸ் கலரில் நிற்கிறது. செங்கல் சிவப்பு, வெள்ளையைத் தாண்டி வெளியே வந்து சிரிக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, பஞ்சுமிட்டாய் வீடு என்று சொல்லிக்கொண்டு போயின. இரண்டாம் கோட்டுக்கு உப்பு பொரிந்து பெயிண்டு அப்பளம் அப்பளமாக உரிந்தது. இரண்டு கோட்டுக்கும் எழுத்தை மட்டும் ஒதுக்கித்தான் அடித்திருந்தான், இன்றைக்குத்தான் எல்லாத்துக்கும் ஒரே வெள்ளை என்று சொல்லியிருந்தாள். செய்யதலி கம்பி பிரஷ்ஷை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, “சாரல் நேரத்துல ஆரும் வெளிச்சுவத்துக்கு அடிப்பாகளாக்கா? ஐப்பசி கார்த்திகையும் போயி, தை பொறக்கட்டும்னு நான் சொன்னேம்லா” என்றான். சொன்னான்தான். தை பிறக்கும்வரைக்கும் இந்தத் துணிச்சல் இருக்குமா என்று அவனுக்கு என்ன தெரியும். பாழாய்ப்போன துணிச்சல், அதுவும் சாரல் மாதிரிதான், வந்தபோது வந்தது.

இப்போது திரும்பவும் என்னவோ சத்தம். டப்பா மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிற சத்தம். வெள்ளை தீர்ந்து புது டப்பாவா? புது டப்பா வாங்கவே இல்லையே. பக்கெட்டின் அடியைச் சுரண்டுகிறான் போலிருக்கிறது. “உலகம்மாக்கா, கொஞ்சம் டர்பெண்டைன் இருக்கா?” என்று மேலேயிருந்து கத்தினான். “பின்னால மோட்டார் ரூம்ல கெடக்கு, எடுத்துக்கோ” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். உலகம்மாக்கா! பால்காரனுக்கும் அவள் உலகம்மாக்கா, காஸ் சிலிண்டர் போடுகிறவனுக்கும் உலகம்மாக்கா, கூரியர் பையன்களுக்கு உலகம்மா மேடம். வாசலில் எழுதியிருப்பதைத்தானே வாசிப்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வந்த புதிதில் திருத்தத்தான் செய்தாள். என் பேரு வடிவு என்பாள். அப்படியா என்பார்கள். மறுநாள் காலையில் அதே வாய், உலகம்மாக்கா பால். கொஞ்ச நாளில் அவளுக்கே அலுத்துப்போய், அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். அதில்கூட அவளுக்கு அவ்வளவு வருத்தமில்லை என்று சொல்லிக்கொள்வாள். பொய். வருத்தம்தான். தெருக்காரர்கள் மேல் இல்லை, பக்கத்தில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாரே அந்த மனுஷன், அவர் மேல்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘இவ பேரு அது இல்லப்பா’ என்று வாயைத் திறந்திருப்பாரா? பேப்பரைத் திருப்புவார். அவர் அவளை ஏட்டி என்பார், இந்தா என்பார், விருந்தாளி முன்னால் வீட்டுக்காரி என்பார். வடிவு என்று அவர் வாயால் கேட்டது கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்கச் சத்தமாக வாசித்த அன்றைக்குத்தான்.

தாலிக்கொடியில் மூத்தவளுக்கென்று ஒரு குண்டு கூடக் கோத்துத்தான் கட்டினார்கள். முறை அது, ஒன்றும் சொல்ல முடியாது. ஆடி வெள்ளிக்கு மூத்தவளுக்குச் சேலை படைத்து, படைத்த சேலையை இவள் உடுத்த வேண்டும். மூத்தவளுக்குப் பிடித்தது கிளிப்பச்சை. அவள் செகப்பு, அவளுக்கு எடுக்கும். வடிவின் நிறத்துக்குக் கிளிப்பச்சையைச் சுற்றினால் கருவேப்பிலைக் கட்டில் பச்சைமிளகாய் சொருகினது மாதிரி இருக்கும். வருஷா வருஷம் உடுத்தினாள். பிள்ளை பிறந்ததும் உலகநாதன் என்று பெயர் வைத்தார்கள். ஏல உலகு, ஏல உலகு என்று வீடு முழுக்க அவளே கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். எல்லாம் சரி, எல்லாவற்றையும் முழுங்கியாச்சு. இந்தச் சிமெண்டு எழுத்து மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஏன்? அதுதான் அவளுக்கே பிடிபடவில்லை. மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து கேட்டைத் திறக்கும்போதெல்லாம் யாரோ மேலேயிருந்து, வாம்மா, யாரைப் பாக்க வந்திருக்க என்று கேட்கிற மாதிரி இருக்கும். சொந்த வீட்டுக்குள் நுழைகிறதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கியிருக்கிறீர்களா? தினம் தயங்கிப் பாருங்கள் தெரியும்.

ஒரு தடவை மறைத்துப் பார்த்தாள். வந்த இரண்டாம் வருஷம். முல்லைக்கொடி ஒன்றை வாங்கி வந்து தூண் ஓரமாக வைத்தாள். பூ ஆசையில் வைத்ததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். கயிறு கட்டிக் கயிறு கட்டி மேலே ஏற்றினாள். முதலில் ‘உ’ போனது, பிறகு ‘ல’, பிறகு ‘க’. ‘ம்மாள்’ பக்கம் கொடி எட்டியபோது அவளுக்கு மூன்று மாசம். அந்த வாரம் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஆட்டோவில் வந்து இறங்கினால் கொடி இல்லை. வேரோடு. எழுத்து பளிச்சென்று தெரிந்தது, கழுவிவிட்ட மாதிரி. அவர்தான் வெட்டியிருக்கிறார். “அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும்” என்றார். அது போதாதா? டாக்டரம்மா ரத்தம் கம்மி என்றாள். ரத்தம் கம்மி, ரத்தம் கம்மி என்று அவள் தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாள். பகலில் நம்பிக்கை வரும். விளக்கு வைத்ததும் போய்விடும். இப்போது மட்டும் என்ன? பிள்ளை ஓசூரில் இருக்கிறான், தினம் பைக்கில் வேலைக்குப் போகிறான். வெள்ளை ‘உ’வைத் தொட்டிருக்குமா, ‘ல’வைத் தொட்டிருக்குமா? அவரைக்காயைத் தட்டில் போட்டுவிட்டு ஃபோனை எடுத்தாள். எடுத்தவள் வைத்தாள். வேலை நேரத்தில் கூப்பிட்டு என்ன கேட்பாள், எழுத்துக்கு வெள்ளை அடிக்காங்க, நீ நல்லா இருக்கியாலே என்றா? எழுந்து டி.வி.க்கு மேலே மாட்டியிருந்த உலகம்மாள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கறுப்பு வெள்ளைப் படம், இரட்டைச் சடை, சிரிக்கிறதா வேண்டாமா என்கிற மாதிரி ஒரு வாய். இப்போது பார்த்தால் மகள் வயசு இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல். சண்டை போடவும் லாயக்கில்லாத வயசு. யக்கா, கேட்டுக்கோ, உன்னை வெரட்டல, உள்ளதான் இருக்கப் போற, கொஞ்சம் உள்ள தள்ளி இரின்னுதான் சொல்லுதேன் என்றாள். சொல்லிவிட்டு, எதிர்த்த வீட்டு அம்மா ஜன்னலில் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டாள். லேசாகத் தூறல் விழுகிற சத்தம். ஐயோ, இந்த நேரத்தில் சாரல் வேறயா? உடனே நின்றுவிட்டது. நின்றதும் பயம் கூடிப்போனது.

டீ கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது. டீ கொடுக்கப் போனால் பார்த்துத்தானே ஆக வேண்டும், அது தானாகப் பார்ப்பது இல்லையே, டீக்காகப் பார்ப்பது. டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கண்ணைக் கீழேயே வைத்துக்கொண்டு கேட்டுவரைக்கும் போய்த் திரும்பி, மெதுவாக அண்ணாந்தாள். வெள்ளைச் சுவர். நிஜமாகவே வெள்ளை, மூன்றாம் கோட்டுக்கு ஒருவழியாக வெள்ளை. அதன் நட்ட நடுவில் தங்கக் கலரில், வெயிலில் கண்ணைப் பறித்துக்கொண்டு, உலகம்மாள் இல்லம். இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. செங்கலில் இருந்த காலத்தில் சிமெண்டு எழுத்து மங்கலாகவாவது இருந்தது. இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால்கூட வாசிக்கலாம். அடப் பாவி. அடப் பாவி மட்டை. டம்ளர் கையைச் சுட்டது. செய்யதலி ஏணியில் நின்றபடி கடைசி ‘ம்’மின் புள்ளியை உருட்டிவிட்டு, கழுத்தைத் திருப்பி, வாயெல்லாம் பல்லாக, “எப்பிடிக்கா?” என்றான். “ஒரே வெள்ளைன்னு சொன்னேனேப்பா” என்றாள். “சொன்னிய. அடிச்சேன். அடிச்சிட்டுக் கீழ எறங்கிப் பாத்தா, யக்கா, ஒங்க பேரே தெரியல! மனசு கேக்கல. கல்யாண மண்டபத்து ஆர்ச்சுக்கு அடிச்சதுல தங்கம் கொஞ்சம் மிச்சம் வண்டில கெடந்துச்சு. காசெல்லாம் வேண்டாம், இது எங் கணக்கு. எத்தன நாள் டீ குடிச்சிருக்கேன் ஒங்க கையால.” திட்டவும் முடியவில்லை. திட்ட முடிந்தால் நன்றாயிருக்கும். சிக்கனமாக இருந்து, தந்திரமாக இருந்து, சாரலைப் பார்த்து, உப்பைப் பார்த்து, பஞ்சுமிட்டாய்ப் பெயரையும் தாங்கி, கடைசியில் தானே வெள்ளையடித்து மூத்தவளுக்குப் பொன் பூசி நிறுத்தியாகிவிட்டது. டீயை நீட்டினாள். அவன் இறங்கி வந்து வாங்கிக்கொண்டான்.

பூதலிங்கம் குடையை மடக்கிக்கொண்டு கேட்டைத் திறந்தது அப்போதுதான். திறந்தவர் திறந்தபடி நின்றார். மேலே பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை வடிவு பார்த்தாள். அவர் பார்வை எழுத்திலிருந்து இறங்கி அவளிடம் வந்தது, இத்தனை வருஷத்தில் வராத ஒரு கனிவோடு. நீயா சொல்லி எழுத வச்ச என்று கேட்கிற பார்வை. அவளுக்கு ஒரு நொடி ஆமாம் என்று தலையாட்டிவிடலாமா என்றிருந்தது. இலவசமாகக் கிடைக்கிற கனிவு, எதற்கு விட வேண்டும்? செய்யதலி டீயை உறிஞ்சிக்கொண்டே, “அக்கா பேரு நல்லா எடுப்பா விழுந்திருக்குல்லா சார்?” என்றான். பூதலிங்கம், “ஆமா, நல்லா இருக்கு” என்றார். ஆமாவாம். அந்த ஆமாவில் அவளுக்கு என்னவோ அறுந்தது. “செய்யதலி” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “எம் பேரு வடிவு. சங்கரவடிவு. அது இவுக மூத்த சம்சாரம் பேரு. அவ செத்துப்போயி ரொம்ப வருஷமாச்சு. அதத் தெரியாம ஆக்கத்தான் ஒன்னைய ஒரே வெள்ளையா அடிக்கச் சொன்னேன்.” அவன் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பூதலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, “அவளுக்கு வேற என்னட்டி இருக்கு? இந்தச் சுவருதான் இருக்கு” என்றார். நியாயம்தான். கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். “அவளுக்குச் சுவராவது இருக்கு” என்றாள் வடிவு.

வடிவு உள்ளே போகவில்லை. அடுப்பில் சாதம் குழைந்துகொண்டிருக்கும், குழையட்டும். செய்யதலி மெதுவாக, “சார், தப்பாப் போச்சு. வெள்ளை தீந்துபோச்சு, சாயங்காலம் ஒரு லிட்டர் வாங்கியாரட்டுமா?” என்று கேட்டான். கேட்டது அவரைப் பார்த்து. அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டு, “எங்கிட்ட ஏன் கேக்க? அவகிட்டக் கேளு” என்றார். எரிச்சலாகச் சொன்னாரா, வேறு எப்படியாவது சொன்னாரா, அவளுக்குப் புரியவில்லை. “வாங்கிட்டு வா” என்றாள். உலகு இந்நேரம் சாப்பிட உட்கார்ந்திருப்பான், ஒன்றும் ஆகாது, ரத்தம் கம்மி, அவ்வளவுதான். தெருமுனையில் காய்கறி வண்டியின் மணி கேட்டது. தினமும் வருகிற ஆள், தினமும் வருகிற நேரம். ட்ரைசைக்கிளைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, “உலகம்மாக்கா, முருங்கக்கா நல்லா சதப்பத்தா வந்திருக்கு, வேணுமா?” என்றான். அவள் வழக்கம்போல வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் பூதலிங்கம் தொண்டையைச் செருமினார். பேப்பர் இல்லாத கைக்கு என்ன செய்வதென்று தெரியாத மாதிரி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “உலகம்மா இல்லப்பா” என்றார். “வடிவு.” காய்கறிக்காரன் அவரைப் பார்த்தான். மேலே தங்கமாகப் பளபளக்கிற எழுத்தைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. “வடிவா? அது யாரு சார், மாடிக்குப் புதுசாக் குடி வந்திருக்காகளா?” என்றான்.

“நாந்தாம்பா” என்றாள் வடிவு. “ரெண்டு முருங்கக்கா குடு.”